பட்டன் டப்பாவில் பதினேழு

"ஒரே ஒரு வேலைதானே உங்க மருமக கையில குடுத்தீங்க, அண்ணி? ஏழு மூடி போட்ட டப்பாவுல வாரத்துக்கு ஏழு மாத்திரை எடுத்து வைக்கணும். அதைக்கூட மறந்துட்டேன்னு வாய் கூசாம சொல்றாளே... இவளெல்லாம் ஒரு பொண்ணா!"

காலை ஆறரை மணிக்கே நாத்தனார் சமையலறை வாசலில் நின்று ஆரம்பித்துவிட்டாள். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டிய பிளாஸ்க், மூடி கழற்றிய நிலையில் மேடைமேல் காத்திருந்தது. கரண்டியும் கையுமாக நின்ற காஜாக்காரம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"யார் சொன்னா?"

"யாரா? அவளேதான்! நேத்து சாயங்காலம் டாக்டரம்மா ரூமுக்குத் தானா போய், 'டப்பாவை நிரப்ப மறந்துட்டேன் மேடம், மாமா பதினேழு நாளா பிரஷர் மாத்திரையே போடல'ன்னு ஒப்பிச்சிருக்கா. உங்க மகன் பின்னாலயே நின்னு கேட்டிருக்கான். எனக்கு போன் பண்ணி, 'அத்தை, என் பொண்டாட்டியே எங்கப்பாவைச் சாய்ச்சுட்டா'ன்னு தேம்பறான். ஆம்பளைப் பிள்ளை அழுதா கேக்க முடியுதா?"

கஞ்சி பொங்கி வழிந்தது. காஜாக்காரம்மா அசையவில்லை. நாத்தனாரே எட்டி அடுப்பை அணைத்தாள்.

"பதினேழு நாள்னா சொன்னா?"

"பதினேழு! எண்ணி வெச்சிருக்கா மகராசி!"

நாத்தனாருக்கு அண்ணன் என்றால் உயிர். வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்க, காஜாக்காரம்மா புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஜன்னலோரம் தையல் மிஷின். அதன்மேல் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. அதுதான் அவளுடைய பட்டன் டப்பா.

முப்பது வருடமாக அந்த வட்டாரத்துத் தையல் கடைகளுக்கெல்லாம் சட்டைக்குக் காஜா எடுத்து, பட்டன் வைத்துத் தருபவள் அவள். அதனால் தெருவுக்கே காஜாக்காரம்மா. சொந்தப் பெயர் வேண்டுமென்றால் அடையாள அட்டையைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

டப்பாவைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று சட்டைப் பட்டன்கள். கையை விட்டுத் துழாவினாள். மறுபடியும் துழாவினாள். டப்பாவைக் கவிழ்த்து மிஷின் மேலேயே கொட்டிப் பார்த்தாள். நாலு ஓட்டை பட்டன், ரெண்டு ஓட்டை பட்டன், காலர் பட்டன்... எல்லாம் பட்டன்தான். அவற்றோடு அவள் கலந்து போட்டு வைத்திருந்த பதினேழு வெள்ளை மாத்திரைகளில் ஒன்றுகூட இல்லை.

மகனின் சட்டைக்கு பட்டன் தைக்க வேண்டுமென்று முந்தாநாள் மருமகள் இந்த டப்பாவைத் திறந்தாள். அது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அப்படியானால்... அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும்!

காஜாக்காரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வீட்டில் அவள் வாழ்ந்த முப்பத்தெட்டு வருடத்தில் அவளை யாரும் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. மாமியார் காலத்தில் பால் திரிந்தாலும் அவள்மேல் பழி. மின்சாரம் போனாலும் அவள்மேல் பழி. வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள். புருஷன் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான். ஆனால் வீட்டிலும் டிப்போ மாதிரியே மணி பார்த்துத்தான் வாழ்வார். காலை எட்டு மணிக்கு மாத்திரை என்றால், ஏழு ஐம்பத்தொன்பதுக்கே நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்துவிடுவார். என்ன மாத்திரை, என்ன நிறம் என்றெல்லாம் பார்த்ததே கிடையாது. மருமகள் மருந்துக் கடையில் வேலை செய்பவள். இந்த வீட்டுக்கு வந்த மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் டப்பாவை நிரப்பி வைப்பது அவள்தான். மனைவி எடுத்துக் கொடுப்பாள். அவர் விழுங்குவார். கொடுப்பதும் விழுங்குவதும் ஒன்பது வருடமாக நடந்த காரியம்.

இந்த ஒழுங்கில் மண் விழுந்தது ஒரு வீடியோவால். 'நம்ம குடும்பம்' என்று முப்பத்து நாலு பேர் உள்ள குரூப்பில் யாரோ அனுப்பியது. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பு, முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறையப் புத்தகம். அந்த மனிதர் கண் கலங்கச் சொன்னார்: பிரஷர் மாத்திரையைப் பத்து வருடம் சாப்பிட்டால் கிட்னி சல்லடையாகிவிடும், மருந்துக் கம்பெனிகள் இதை மறைக்கின்றன, மூன்று விதைகளை வறுத்துப் பொடித்து வெந்நீரில் கலந்து குடித்தால் போதும்.

காஜாக்காரம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் கிட்னி கெட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். கடைசி நாளில் அவர் பாதம் வீங்கிக் கிடந்தது இன்னும் அவள் கண்ணிலேயே நிற்கிறது. இங்கே புருஷனுக்கு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு வருடம்தான்! அந்தப் பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

மருமகளிடம் காட்டத்தான் செய்தாள்.

"அத்தை, இந்த ஆள் டாக்டரே இல்ல. வீடியோ முடியுற இடத்துல பாருங்க, பொடி வாங்குறதுக்கு போன் நம்பர் போட்டிருக்கான். பிரஷர் கூடினாத்தான் கிட்னி கெடும். அது கெடாம இருக்கத்தானே மாத்திரையே! எதுக்கும் நம்ம டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம், நானும் வரேன்."

நியாயமான பேச்சு. ஆனால் காஜாக்காரம்மாவின் காதில் வேறு மாதிரி விழுந்தது. மாத்திரை விற்கிறவள் மாத்திரைக்குத்தானே பரிந்து பேசுவாள் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து மாத்திரை பட்டன் டப்பாவுக்குப் போயிற்று. காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் போட மனசு வரவில்லை. பொடி கலந்த வெந்நீர் புருஷனுக்குப் போயிற்று.

"மாத்திரை எங்க?" என்று முதல் நாள் கேட்டார்.

"இதுலயே கரைச்சிருக்கேன், குடிங்க."

குடித்துவிட்டார். சந்தேகப்பட அவருக்குத் தெரியாது.

ஆறாம் நாள், "உடம்பு லேசா இருக்கு" என்று சொன்னார். அவ்வளவுதான், அவளுக்குத் தலைகால் புரியவில்லை. போனை எடுத்து, மைக் படத்தை அழுத்திப் பேசி, குரூப்பில் போட்டாள். அரை மணி நேரத்தில் முப்பது பேர் கைதட்டினார்கள், பூ அனுப்பினார்கள், 'அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று எழுதினார்கள். பொய் பேசாதவள், புறணி பேசாதவள் என்று அவளுக்குப் பெயர் இருந்தது. அன்று முழுக்க தைத்த சட்டைகளைவிட போனைத்தான் அதிகம் தொட்டுப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக ஊர் அவள் பேச்சைக் கேட்டது!

பதினெட்டாம் நாள் காலையில் புருஷன் கையிலிருந்த தம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. வலது கை தொங்கிப்போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை ஒழுங்கா போட்டாரா?" என்பதுதான்.

"ஒரு நாள் தவறாம போட்டார்," என்றாள் காஜாக்காரம்மா. எப்படி வந்தது அந்தப் பொய்? நாக்கு அவளைக் கேட்காமலேயே சொல்லிவிட்டது.

"ஒழுங்கா போட்டும் இவ்வளவு ஏறியிருக்குன்னா இந்த மருந்து அவருக்குப் பத்தல. ரெண்டு மூணு நாள் பாத்துட்டு டோஸைக் கூட்ட வேண்டியதுதான்," என்றார் டாக்டரம்மா. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மருமகள் மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பட்டன் டப்பா திறந்தது. அதற்கு மறுநாள் சாயங்காலம் அவள் டாக்டரம்மா அறைக்குப் போனாள்.

இப்போது காஜாக்காரம்மா மெதுவாக எழுந்து மருமகளின் அறைக்குப் போனாள். கட்டில்மேல் ஒரு துணிப்பை. நாலு சேலை மடித்து வைத்திருந்தது. மருமகள் சீப்பை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"அம்மா வீட்டுக்கு, அத்தை. அவர் என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுட்டார். போற வழியில கடையிலயும் சொல்லிட்டுப் போயிடறேன். சொந்த மாமனாருக்கே மாத்திரை மறந்தவகிட்ட எவன் மருந்து வாங்குவான்? ஓனர் சொல்றதுக்கு முன்னாடி நானே நின்னுக்கறது மரியாதை."

"நீ ஏம்மா... ஏன் அப்படிச் சொன்னே?"

மருமகள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும், அத்தை? மாத்திரை போட்டும் ஏறிடுச்சுன்னு நெனச்சு டாக்டர் டோஸைக் கூட்டியிருந்தா மாமா உடம்பு தாங்குமா? பிரஷர் சட்டுனு இறங்கிப் போனா அதுவும் ஆபத்து."

"அதுக்கு உன் தலையில ஏன் போட்டுக்கிட்டே?"

"உங்க பேரைச் சொன்னா... மாமா இனிமே உங்க கையால ஒரு வாய் தண்ணி குடிப்பாரா? எனக்கு அது பயமா இருந்துச்சு. என்னை வெறுத்தா வெறுக்கட்டும், நான் வந்து மூணு வருஷம்தான் ஆச்சு." குரல் உடைந்தது. "ஒண்ணே ஒண்ணு சொல்றேன், அத்தை. நீங்களா சொல்லுவீங்கன்னு ரெண்டு நாள் பாத்தேன்..."

அந்தக் கடைசி வார்த்தை சுரீரென்று தைத்தது. காஜாக்காரம்மா வாயைத் திறந்தாள். 'நானே சொல்லிடறேம்மா' என்று சொல்ல வேண்டியதுதான். அதற்குள் வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. "அண்ணி, நேரமாச்சு!" என்று நாத்தனார் கத்தினாள். அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு காஜாக்காரம்மா வெளியே வந்துவிட்டாள். ஆட்டோவில் மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு போகும்போது, பின்னால் திரும்பிப் பார்க்கக்கூட அவளுக்குத் தைரியமில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது.

ஆஸ்பத்திரிக் கீழ்த் தளத்தில் நல்ல கூட்டம். மேலே பார்வையாளர் நேரம் ஆரம்பிக்க இன்னும் கால் மணி இருந்தது. நாத்தனார் சீட்டு வாங்கும் வரிசையில் போய் நின்றுகொண்டாள். காஜாக்காரம்மா பிரஷர் பார்க்கும் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அடுத்த பெஞ்சில் காக்கிச் சட்டை போட்ட ஆஜானுபாகுவான மனிதர் ஒருவர், லாரி ஓட்டுபவர். பக்கத்தில் அவருடைய தங்கை. கையில் போனை வைத்துக்கொண்டு அண்ணனிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஒரு தடவை கேளு அண்ணே. அப்புறம் உன் இஷ்டம்."

போனைத் தட்டினாள். கரகரவென்று மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்.

"வணக்கம். நான் ஒரு சாதாரண வீட்டம்மா பேசறேன். எனக்கு இதுல பத்து பைசா லாபம் கெடையாது. என் வீட்டுக்காரருக்குப் பத்து நாளா பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டேன். இந்தப் பொடியைத்தான் குடுக்கறேன். மனுஷன் எப்படி இருக்கார் தெரியுமா? இருபது வயசுப் பையன் மாதிரி இருக்கார்! உங்க புருஷன் மேல, உங்க அண்ணன் தம்பி மேல உங்களுக்குப் பாசம் இருந்தா..."

காஜாக்காரம்மாவின் மடியிலிருந்து பிளாஸ்க் உருண்டது. அவள் குரல்! அவள் வீட்டு மிக்ஸி! நடுவில் இருமுவது அவள் புருஷன்! குடும்ப குரூப்பில் போட்டது இந்த முன்பின் தெரியாத பெண்ணின் போனுக்கு எப்படி வந்தது? இன்னும் எத்தனை போனில் இருக்கிறது?

அதிலும் அந்தப் பத்து நாள்... அன்று ஆறு நாள்தான் ஆகியிருந்தது. பத்து என்றால் கேட்க நன்றாக இருக்குமே என்று சேர்த்துச் சொன்னாள்.

"பாத்தியா அண்ணே, எவ்வளவு பாசமா பேசுது அந்தம்மா! இது பொய் சொல்லுமா?" என்றாள் தங்கை.

லாரிக்காரர் தாடையைச் சொறிந்தார். "அதான் நானும் யோசிக்கறேன். வீடியோல வர்றவன் பேச்சை நம்ப வேணாம். இது நம்ம வீட்டுப் பொம்பளை மாதிரியில்ல பேசுது... சரி, இன்னைக்கிலேருந்து நிறுத்திடுவோம். இங்க எதுக்கு வரிசையில நின்னுக்கிட்டு?" சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பக்கத்திலிருந்த குப்பைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தார்.

"ஐயா... போகாதீங்க! அது பொய்!"

இருவரும் திரும்பினார்கள்.

"அந்தக் குரல் என்னோடதுதான். நான்தான் பேசினேன்... நான் சொன்னது அத்தனையும் தப்பு. அந்த அட்டையை எடுத்துக்குங்க ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்!"

தங்கை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "போங்கம்மா, வேலையைப் பாருங்க. மருந்துக் கடைக்காரன் ஆளா நீங்க? எங்கே நல்ல விஷயம் பரவிடப்போகுதுன்னு இப்படி ஆள் வெச்சிருக்காங்கன்னுகூட ஒரு வீடியோல வந்துச்சு..."

பொய் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொல்லும்போது ஒருத்தி நம்ப மாட்டேன் என்கிறாள்! காஜாக்காரம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அந்த வார்த்தைகளை அப்படியே மறுபடி சொன்னாள். "உங்க அண்ணன் தம்பி மேல உங்களுக்குப் பாசம் இருந்தா, இந்த மாத்திரையைத் தூக்கிப் போடுங்க. விஷத்தைக் காசு குடுத்து வாங்காதீங்க. இதைப் பத்துப் பேருக்காவது அனுப்புங்க..."

தங்கையின் வாய் திறந்தபடி நின்றது. அதே குரல். அதே இழுவை.

"வாங்க என்கூட. அந்த இருபது வயசுப் பையனைக் காட்டறேன்."

மாடியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூவரும் நின்றார்கள். உள்ளே டைம்கீப்பர் படுத்திருந்தார். வாய் இடது பக்கம் கோணியிருந்தது. இடது கையால் வலது கையைத் தூக்கி வயிற்றின்மேல் வைக்கப் பார்த்தார். அது நழுவி விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி விழுந்தது.

லாரிக்காரர் திரும்பினார். விறுவிறுவென்று படியிறங்கிப் போய்க் குப்பைக் கூடையில் கையை விட்டு அட்டையை எடுத்துக்கொண்டார். தங்கை மட்டும் நின்றாள்.

"நான் இதை எங்க ஆபீஸ்ல இருபது பேருக்கு அனுப்பிட்டேனேம்மா..." என்றாள் மெல்ல.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? பயந்தாங்கொள்ளியாக இன்னும் ஒரு நிமிடம் இருந்தாலும் எத்தனை வீட்டில் எத்தனை தம்ளர் கைநழுவும் என்று அவளுக்குத் தோன்றியது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன்; விரலெல்லாம் கிரீஸ். அழுது முகம் கறுத்திருந்தது. நாத்தனாரும் சீட்டோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"கஞ்சி கொண்டாந்தீங்களாம்மா?" என்றான் மகன்.

"அப்புறம் கஞ்சி. முதல்ல நான் சொல்றதைக் கேளுடா... உன் பொண்டாட்டி மாத்திரை வைக்க மறக்கல. ஒரு நாள்கூட மறக்கல. அவ வெச்சா, நான் எடுத்து ஒளிச்சேன். பட்டனோட பட்டனா போட்டு வெச்சேன். உங்கப்பாவைச் சாய்ச்சது நான்தான்."

"என்ன அண்ணி உளர்றீங்க! மருமகளைக் காப்பாத்தறதுக்காக உங்க தலையில போட்டுக்காதீங்க. உங்களுக்கு எப்பவும் இதே வேலை!" என்றாள் நாத்தனார்.

"இல்ல. இந்தத் தடவை மட்டும் அவதான் என்னைக் காப்பாத்தினா. வாழ்நாள் முழுக்க அடுத்தவங்க பழியை நான் சுமந்தேன்னு எனக்குள்ள ஒரு பெருமை இருந்துச்சு... என் பழியை ஒரு சின்னப் பொண்ணு சுமக்கறதைப் பாத்துக்கிட்டு, கஞ்சி கிண்டிக்கிட்டு நின்னேனே, நான் மனுஷியா!"

மகன் எழுந்து நின்றான். "டாக்டர் கேட்டப்போ 'தவறாம போட்டார்'னு சொன்னீங்களேம்மா! அப்பா உயிர்... அப்பா உயிரும்மா!" அவன் கை ஓங்கவில்லை, ஓங்கியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது அவளுக்கு. அவன் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான். "அவளை நான் என்னென்ன சொல்லிட்டேன்... மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு..."

நாத்தனார் கையிலிருந்த சீட்டை மடித்தாள். பிறகு, "அந்த வாய்ஸை நானும் நாப்பது பேருக்கு அனுப்பினேன், அண்ணி," என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கட்டிலில் டைம்கீப்பர் விழித்திருந்தார். எல்லாம் கேட்டிருந்தார். காஜாக்காரம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "உங்க கிட்னி போயிடுமோன்னு பயந்தேங்க... யாரையாவது கேட்டிருக்கணும். கேக்காம... உங்களை ஏமாத்திட்டேங்க!" அவர் கண்ணோரம் ஈரமானது. கோணிய வாயால் ஏதோ சொல்ல முயன்றார். அவளுக்குப் புரியவில்லை. மகன் குனிந்து காதை வைத்துக் கேட்டான்.

"'புள்ளையைக் கூட்டிட்டு வா'ன்னு சொல்றார், அவளைத்தான்," என்றான்.

மருந்துக் கடை ஆஸ்பத்திரியிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தது. காஜாக்காரம்மாவும் மகனும் போனபோது கவுண்டருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். மருமகள் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே ஓனரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மகன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே போகக் கால் வரவில்லை. காஜாக்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். "வரிசையில வாங்கம்மா!" என்று யாரோ அதட்டினார்கள்.

"ஐயா, அந்தச் சாவியை வாங்காதீங்க," என்றாள் ஓனரிடம், கடை முழுக்கக் கேட்கும்படி. "என் மருமக எந்த மாத்திரையையும் மறக்கல. போன்ல வந்த பொய்யை நம்பி என் புருஷன் மாத்திரையை ஒளிச்சவ நான். இவ படிச்சுப் படிச்சுச் சொன்னா, நான் கேக்கல. இவகிட்ட நம்பி மருந்து வாங்குங்க. என் பேச்சை மட்டும் நம்பாதீங்க!"

"அத்தை... வேணாம் அத்தை... இத்தனை பேர் முன்னாடி..."

"இத்தனை பேர் முன்னாடி இல்லாம வேற எங்க சொல்றது? பொய்யை எத்தனை பேருக்குச் சொன்னேன், எண்ணிச் சொல்ல முடியுமா என்னால?"

மருமகள் கவுண்டரைத் தாண்டி வெளியே வந்தாள். அவ்வளவு நாள் அடக்கி வைத்தது அப்போதுதான் உடைந்தது. மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். "ரெண்டு நாளா... நீங்க சொல்லுவீங்கன்னு... ரெண்டு நாளா காத்துக்கிட்டிருந்தேன் அத்தை!"

"தெரியும்டி என் கண்ணே... தெரிஞ்சும் ஆட்டோ ஏறிப் போனேனே, அதுக்குத்தான் எனக்கு மன்னிப்பே இல்ல!"

மகன் வந்து மனைவியின் தோளிலிருந்த துணிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். ஏதோ சொல்ல வந்தான். "வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு இருக்கு," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

காஜாக்காரம்மா இடுப்பிலிருந்து போனை எடுத்து மருமகளிடம் நீட்டினாள். "நீ பிடிச்சுக்கோ. நான் பேசறேன். ஒரு வார்த்தை தப்பா வந்தாலும் நிறுத்திடு. நீ கேட்டுச் சரின்னு சொன்னாத்தான் அனுப்பணும்."

அங்கேயே, இருமல் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்று பேசினாள். "வணக்கம். நான் அதே வீட்டம்மா பேசறேன். போன தடவை நான் சொன்னது பொய்..."

ஆறு நாளைப் பத்து நாள் என்று சொன்னதையும் விடாமல் சொன்னாள்.

முதல் பேச்சுக்கு அரை மணி நேரத்தில் முப்பது கைதட்டல் வந்தது. இதற்கு இரண்டு நாளாகியும் ஒன்றும் வரவில்லை. குரூப்பில் எல்லோரும் கேட்டார்கள், எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். நாத்தனார் மட்டும் தான் அனுப்பிய நாற்பது பேருக்கும் ஒவ்வொருவராக போன் போட்டுச் சொன்னாள். அவளுடைய பூட்டில்லாத வாய் அன்றுதான் உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது. லாரிக்காரரின் தங்கை ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். ஆனாலும் பழைய குரல் எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது அது ஞாபகத்துக்கு வந்தால், ஊசியைக் கீழே வைத்துவிடுவாள்.

பன்னிரண்டு நாள் கழித்து டைம்கீப்பர் வீட்டுக்கு வந்தார். பேச்சு பாதி திரும்பியிருந்தது. வலது கை ஒரு ரப்பர் பந்தை அமுக்கும் அளவுக்குத் தேறியிருந்தது.

மறுநாள் காலை, மருமகள் மாத்திரை டப்பாவையும் மாத்திரை அட்டையையும் எடுத்து மாமியார் கையில்தான் கொடுத்தாள். காஜாக்காரம்மா பின்வாங்கினாள்.

"நீயே குடும்மா. என் கையால வேணாம்."

"உங்க கையாலதான், அத்தை."

சுவர்க் கடிகாரத்தில் ஏழு ஐம்பத்தொன்பது. நாற்காலியில் டைம்கீப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் கோணலாகவே இருந்த வாயை, ஒன்பது வருடமாகத் திறந்த மாதிரியே திறந்தார். அவள் கையில் இருப்பது என்னவென்று பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

காஜாக்காரம்மாவுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. இந்த மனிதர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இப்படி வாயைத் திறக்கிறாரே!

அவள் மாத்திரையை வாயில் போடவில்லை. அவருடைய இடது உள்ளங்கையில் அட்டையோடு வைத்தாள். பக்கத்திலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டாள்.

"முதல்ல பாருங்க. பேரைப் படிங்க. யார் குடுத்தாலும் பாத்துட்டுத்தான் வாங்கணும்... நான் குடுத்தாலும்."

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அட்டையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், தடுக்கும் நாக்கால், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். எட்டு மணி தாண்டிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக டைம்கீப்பருக்கு நேரம் தவறியது. தண்ணீர்த் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, அவர் படித்து முடிக்கும் வரை காஜாக்காரம்மா அப்படியே நின்றாள்.